நின்று நின்று ஓடிய வண்டியில் செஞ்சி வழியாகச் சித்தாமூர்

இரங்கூனில் கணக்கராக இருந்த எங்கள் மகன், போர் மூண்டபின் இருக்கும் இடமே தெரியாமற் போனான். அவன் உயிருடன் திரும்பினால், பங்குனியில் வரும் நந்தீசுவர நோன்பை எட்டு நாளும் உணவின்றி நோற்று, மேல்சித்தாமூர்ப் பார்சுவநாதர் திருமுன் நின்று தொழுத பிறகே பாரணை செய்வதாக என் மனைவி பத்மாவதி நேர்ந்துகொண்டிருந்தாள். நோன்பை முடித்து முதல் உணவு கொள்வதே பாரணை. போர் ஓய்ந்த மறு ஆண்டு மகன் கப்பலில் வந்து சேர்ந்தான். அப்பங்குனியில் நாங்கள் ஆரணியிலிருந்து செஞ்சி வழியாகச் சித்தாமூர் சென்று வந்த செய்தியை, அவ்வழியே செல்ல எண்ணும் அன்பர்களுக்குப் பயன்படும் என்னும் கருத்தில் எழுதுகிறேன்.

சமண நெறியினரல்லாத அன்பர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கதிர் மறைந்தபின் நாங்கள் உண்பதில்லை. நோன்பிகள் நீரும் பருகுவதில்லை. இரவில் கண்ணுக்குப் புலப்படாமல் உணவில் வீழும் சிற்றுயிர்களைக் கருதி முன்னோர் வகுத்த ஒழுக்கம் இது. எட்டு நாளும் பகலில் காய்ச்சி ஆறிய நீர் மட்டுமே பருகியவள் என் மனைவி. எட்டாம் நாள் மாலைக்குப்பின் அதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் கதிர் மறையுமுன் சித்தாமூர் சேராவிட்டால், மற்றோர் இரவு முழுவதும் நாவில் ஒரு துளி நீரும் படாது. அவளோ அறுபதை எட்டியவள். எனவே இப்பயணத்தில் எனக்கிருந்த கவலை முழுவதும் வானத்துக் கதிரவனைப் பற்றியதே.

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு ஏறக்குறையப் பதினெட்டு மைல். அங்கிருந்து செஞ்சி பதினைந்து. செஞ்சியிலிருந்து திண்டிவனம் சாலையில் சென்று, இடையே பிரியும் கிளைவழியில் திரும்பிச் சித்தாமூரை அடையப் பன்னிரண்டு மைல் என்பார்கள். நல்ல வண்டிக்கு மொத்தம் மூன்று மணி நேரப் பயணம். மகன் முதல்நாளே பஸ்ஸில் சென்று, பாரணைக்கு வேண்டியவற்றைச் செய்து காத்திருந்தான். அவளைப் பஸ் நெரிசலில் அழைத்துச் செல்ல மனமின்றி நான் ஆரணியில் ஒரு வாடகை மோட்டாரை அமர்த்தினேன். போக வர நாற்பது ரூபாய். துணிக்கூரை போட்ட பழைய வண்டி. முன்னால் இரும்புப் பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் இயந்திரம் விழிக்கும்.

ஓட்டுநர் சவரிமுத்து, சேத்துப்பட்டை அடுத்த சிற்றூரில் பயிர்த்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தவர். நாற்பது வயதிருக்கலாம். ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டதும், நோன்பின் செய்தியைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எங்களுக்கும் இப்ப தபசு காலந்தான் நயினாரே. ஆனா நாங்க கறிய மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் துன்னுக்கினு இருக்கோம். அம்மா தண்ணியவே விட்டுட்டாங்களே!"

அப்பகுதியில் எம்மவரை நயினார் என்றழைப்பது வழக்கம். பத்மாவதி சிரித்தாள். "நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா. மதியத்துக்குள்ள சேர்ந்துட்டா போதும்" என்றாள்.

சேத்துப்பட்டுவரை குறையொன்றும் இல்லை. அங்கே பெட்ரோல் போட நின்றோம். பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த காலம். கூப்பன் இருந்தது, கடைக்காரர் இல்லை. கழனிக்குச் சென்றவர் திரும்பப் பதினொரு மணியாயிற்று. புளியமரத்து நிழலில் வண்டி நின்றது. அதன் பின்புறத்துத் தொட்டியில் பெட்ரோலை ஊற்றி மூடியைத் திருகிவிட்டுச் சவரிமுத்து கணக்குத் தீர்க்கச் சென்றார். அப்போது பத்மாவதி தன் பூசைப் பேழையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னே சென்றதைக் கண்டேன். சிறிது நேரம் குனிந்து நின்றாள். வாயால் மெல்ல ஊதுவதுபோலவும் இருந்தது. நான் சென்று பார்க்கையில், பெட்ரோல் மூடியின் நடுவே வெள்ளி ரூபாய் அளவில் கனத்த சந்தனப் பொட்டு திகழ்ந்தது.

புது வண்டிக்கும் பொட்டு, பழைய வண்டிக்கும் பொட்டு. நம் நாட்டில் அது புதுமையன்று. பின்புறத்தில் வைத்தது மட்டும் சற்றே வியப்பாக இருந்தது. எட்டு நாள் உண்ணாதவளை வினவித் தளரச் செய்ய வேண்டாமென்று வாளா இருந்தேன். திரும்பி வந்த சவரிமுத்து, அப்பொட்டைக் கண்டு மகிழ்ந்து கும்பிட்டார்.

"அம்மா கையால பொட்டு வெச்ச வண்டி. இனிமே இன்னா கவல நயினாரே? செஞ்சி வரைக்கும் பறக்கும் பாரு."

ஐந்து மைல் பறந்தது. பிறகு இரண்டு முறை விக்கிற்று. மூன்றாம் விக்கலில், ஏட்டைப் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணயர்ந்தாற்போல் ஓசையடங்கி நின்றுவிட்டது. இருபுறமும் அறுவடை முடிந்த கழனி; நிழலென்று சொல்ல ஒரு பனைமரம். சவரிமுத்து பிடியைச் சுழற்றினார். சட்டை முழுவதும் நனையச் சுழற்றினார். பின்னர் முன்மூடியைத் திறந்து, பிளக்குகளைக் கழற்றித் துடைத்து ஊதினார்.

அந்நேரம் ஒரு மாட்டுவண்டி எங்களைக் கடந்தது. மல்லாட்டை மூட்டைகள் ஏற்றிய வண்டி. நிலக்கடலைக்கு அவ்வூரார் வழங்கும் பெயர் அது. ஓட்டியவர் முனுசாமி. மூட்டைகளின் மேல் அரசிபோல் அமர்ந்திருந்தவள் அவர் மனைவி கன்னியம்மா. இருவரும் செஞ்சிச் சந்தைக்குச் செல்பவர்கள். பெயரெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அப்போது தெரிந்தது அவள் வாய் மட்டுமே.

"இன்னா அண்ணே, காரு மூச்சு வாங்குதா? புல்லு கில்லு வேணுமா?"

"சும்மா வாடி" என்றார் கணவர்.

அரைமணி நேரம் கழித்துப் பிடியைச் சுழற்ற, இயந்திரம் ஒன்றும் நடவாததுபோல் எழுந்து முழங்கியது. "பிளக்குதான் நயினாரே. கரி புடிச்சிருந்துது" என்றார் சவரிமுத்து. மாட்டுவண்டியைக் கடக்கையில் வேண்டுமென்றே ஊதலை இருமுறை அழுத்தினார்.

மூன்று மைல். மீண்டும் விக்கல், மீண்டும் அமைதி.

இம்முறை அவர் வேறு முடிவுக்கு வந்தார். வெயிலின் கொடுமையால் குழாயிலேயே பெட்ரோல் கொதிக்கிறதென்று சொல்லி, மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த கிணற்றுக்கு ஓடித் தம் தோள்துண்டை நனைத்துவந்து பெட்ரோல் இழுக்கும் பம்பின்மேல் சுற்றினார். நான் சாலையோரத்துக் கல்லில் அமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரத்தை உருவேற்றினேன். பாலைத் திணையில் வழிநடந்தோர் துயரைப் பயின்றபோதெல்லாம் சொல்நயத்தையே வியந்திருக்கிறேன். வறண்ட உதடுகளோடு ஒருத்தி அருகில் இருக்கையில், அச்சொற்கள் வேறு எடையுடையவை என்பதை அன்று உணர்ந்தேன்.

மாட்டுவண்டி வந்துவிட்டது. இம்முறை கன்னியம்மா கேலி பேசவில்லை. வண்டிக்குள் சாய்ந்திருந்த பத்மாவதியைக் கண்டு, கீழே குதித்து, கழுத்தில் கயிறு கட்டிய தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்தாள்.

"இன்னாம்மா இப்பிடி வாடிப் போய்க் கெடக்குற? இந்தா, ஒரு வாய் குடி."

"வேணாம்மா. நோம்பு. சாமியப் பாத்துட்டுத்தான்."

"புள்ளைக்காவ வேண்டிக்கினியா?"

"ஆமாம். ரங்கூன்லேர்ந்து வந்துட்டான்."

"வந்துட்டான் இல்ல? அப்புறம் எதுக்கு ஒடம்ப வாட்டுற? உங்க சாமி கோச்சிக்காது, குடி."

"கோச்சிக்காதும்மா, தெரியும். வர்றதுக்கு முன்னாடி நானாத்தான் சொன்னேன். வந்ததுக்கப்புறம் இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

கன்னியம்மா செம்பு நீரைத் தன் கையில் ஊற்றி, பத்மாவதியின் பாதங்களில் தெளித்துத் தேய்த்துவிட்டாள். "இதுக்கு நோம்பு இல்லியே?" என்றாள். இல்லையென்று நான் சொன்னேன். எந்த நூலையும் நினைத்துப் பார்க்காமலே சொன்னேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வண்டி மறுபடியும் கிளம்பிற்று. ஈரத்துணியே மருந்தென்று சவரிமுத்து உறுதிகொண்டார். ஆனால் செஞ்சி மலைகள் தொலைவில் தெரியத் தொடங்கிய இடத்தில், ஈரத்துணி ஈரமாக இருக்கும்போதே வண்டி நின்றது. இம்முறை அவருக்குப் புதுக்காரணம் கிடைக்கவில்லை. மார்பில் சிலுவை வரைந்து, "மாதாவே, எனக்காவ இல்ல, இந்த அம்மாவுக்காவ" என்று முணுமுணுத்துவிட்டுக் குழாயைக் கழற்றித் துடைத்தார். முக்கால் மணி நேரம் சென்று அது எழுந்தபோது, காரணம் மாதாவா என் மந்திரமா என்று எங்களுக்குள் ஒரு சிறு வழக்கு. இரண்டுமே பிழை என்பது பின்னர்த் தெரிந்தது.

செஞ்சியைக் காணாத அன்பர்களுக்கு: யாரோ கூடை கூடையாகக் கொட்டிக் குவித்தாற்போன்ற உருண்டைப் பாறைகளே அங்கு மலைகள். இராஜகிரியின் உச்சியில் கோட்டை, வானத்தில் தொங்குவதுபோல் நிற்கும். ஊரின் வடபால் திருநாதர் குன்று என்று ஒரு சிறு குன்றுண்டு. அங்கே ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரரும் வரிசையாக அமர்ந்த கோலம் கண்கொள்ளாக் காட்சி. உண்ணாநோன்பில் உயிர் துறந்த ஒரு முனிவரைப் பற்றிய பழங்கல்வெட்டும் அங்குண்டு. இளமையில் அதைத் தடவிப் படித்து மெய்சிலிர்த்தவன் நான். அன்று அக்குன்றின் பக்கம் என் கண்ணைத் திருப்ப மனம் துணியவில்லை. துறவிக்கு அது வீடுபேற்றின் வாயில். எனக்கு இவள் வீட்டிற்குத் திரும்ப வேண்டும்.

செஞ்சி ஊருக்குள் நுழைந்து, கோட்டை மதிலைப் பார்த்த சாலையில் வண்டி நான்காம் முறையாக நின்றபோது மணி ஐந்தாகவில்லை. ஆயினும் நிழல் எங்கள்மேல் வந்து விழுந்தது. பத்மாவதி கண் திறந்தாள். நாவு எழவில்லை, உதட்டசைவால் உணர்ந்தேன்.

"மறைஞ்சிடுச்சா?"

"இல்லை. மலைக்குப் பின்னே சென்றிருக்கிறது. செஞ்சியில் மாலை முன்னதாக வரும். அது மலையின் நிழல், மறைவன்று" என்றேன். சொன்னது மெய்யே. ஆயினும் என் குரலை நானே நம்பவில்லை. "இங்கேயே நீர் பருகிவிடு. நேர்ச்சைக்குக் கழுவாய் உண்டு, நான் நூல் பார்த்துச் சொல்கிறேன்" என்றும் சொன்னேன். அவள் தலையை அசைத்தாள். இசைவின் அசைவன்று.

மாட்டுவண்டி எங்களைப் பிடித்துவிட்டது. "ஏறச் சொல்லுங்க, இறக்கிட்டுப் போறோம்" என்றார் முனுசாமி. பன்னிரண்டு மைலை மாடு கடக்க இரவாகிவிடும். அவருக்கும் அது தெரியும். ஆயினும் மூட்டைகளை ஒதுக்கத் தொடங்கிவிட்டார்.

சவரிமுத்து தலையில் கைவைத்து நின்றவர், திடீரென்று, "பெட்ரோல் குறைச்சலா ஊத்திட்டானா அந்த ஆளு? குச்சி வுட்டுப் பாத்துடறேன்" என்று ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு வண்டியின் பின்னே சென்றார். மூடியின்மேல் கைவைக்கப் போனவர், தயங்கினார்.

"அம்மா, தொறந்தா நீங்க வெச்ச பொட்டு அழிஞ்சிடுமே. பரவால்லியா?"

பத்மாவதி பதறி எழுந்தாள். வராத குரலை வரவழைத்தாள்.

"பாத்துத் தொறப்பா! எறும்பு இருக்கும்."

"எறும்பா?"

"அந்த மூடி நடுவுல சின்னதா ஓட்ட இருக்குது. சேத்துப்பட்டுல எறும்பு சாரையாப் போய் எட்டிப் பாத்துச்சு. உள்ள வுழுந்தா செத்துப்பூடுமேன்னு, ஊதி வுட்டுட்டு, பஞ்சுத்திரிய வெச்சுச் சந்தனத்தப் போட்டு அடைச்சேன்."

சவரிமுத்து மூடியைத் திருகினார். "புஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு. தொட்டி காற்றை இழுத்துக்கொண்ட அவ்வோசை, கன்னியம்மாவின் வண்டிவரை கேட்டது. சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பும் அழுகையுமாகத் தரையிலேயே அமர்ந்துவிட்டார்.

"அது மூச்சு வுடற ஓட்டம்மா! பெட்ரோல் கொறையக் கொறைய அதும் வழியாத்தான் காத்து உள்ள போவணும். அத அடைச்சா பம்பு எப்பிடி இழுக்கும்? கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துல காத்து கசிஞ்சி எறங்கறப்ப வண்டி கிளம்பியிருக்குது. நான் பிளக்குன்னேன், பம்புன்னேன், மாதான்னேன்... பொட்டாச்சேன்னு கையே வெக்கல!"

"நான் அப்பவே கேட்டேனே, மூச்சு வாங்குதான்னு!" என்றாள் கன்னியம்மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பத்மாவதி மட்டும் சிரிக்கவில்லை. கைகளைக் கூப்பி வண்டியைப் பார்த்தாள். "இதுக்கும் மூச்சு இருக்குதா? எனக்குத் தெரியாதேப்பா" என்றாள். பிறகு, "உள்ள எறும்பு எதுனா வுழுந்திருக்குதா, பாரு."

"ஒன்னியும் இல்லம்மா" என்றார் சவரிமுத்து. அவர் குனிந்து பார்க்குமுன்னரே விடை வந்தது.

ஆனால் ஓட்டையைத் திறந்தபடி விட அவள் உடன்படவில்லை. தன் மடியிலிருந்த நீர் வடிகட்டும் வெள்ளைத்துணியின் ஓரத்தைக் கிழிக்கச் சொன்னாள். கிழிக்கும் வலு அவள் விரலில் இல்லை; கன்னியம்மா பல்லால் கடித்துக் கிழித்தாள். "ஒத்த மடிப்பாக் கட்டுப்பா. காத்துப் போவும், எறும்பு போவாது." சவரிமுத்து மூடியைத் துடைத்து, திரியைக் களைந்து, அத்துணியைக் கட்டினார். பிடியை ஒருமுறைதான் சுழற்றினார்.

வண்டி கிழக்கே திரும்பி ஊரைத் தாண்டியதும் நிகழ்ந்ததை நான் மறக்கமாட்டேன். மலையின் நிழல் எங்கள் பின்னே தங்கிவிட்டது. மறைந்ததென்று அஞ்சிய கதிரவன், எங்கள் முதுகில் மறுபடியும் வெயிலாக விழுந்தான். பத்மாவதி கையை நீட்டி, உள்ளங்கையில் அவ்வொளியைப் பார்த்தாள். பன்னிரண்டு மைலும் இயந்திரம் ஒருமுறையும் விக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு மேட்டிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சித்தாமூரில் கோபுரத்தின் மேல்நிலையில் வெயில் எஞ்சியிருந்தது. மகன் சாலைவரை ஓடிவந்து, தாயைத் தாங்கி உள்ளே அழைத்துச் சென்றான். பார்சுவநாதர் திருமுன் அவள் மும்முறை வலம்வந்து தொழுதாள். வெளியே வந்து அமர்ந்ததும், வடிகட்டி ஆற்றிய நீரை மகன் தன் கையாலேயே வாயில் ஊற்றினான். முதல் வாய் நீர் தொண்டையில் இறங்கும் ஓசை எனக்குக் கேட்டது. எத்தனையோ பண்ணிசை கேட்டிருக்கிறேன். அதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல அறியேன். பச்சைப்பயற்றுக் கஞ்சி இரண்டு கரண்டி உண்டபின் அவள் கேட்ட முதற்கேள்வி, "சவரி சாப்டானா?" என்பது. கோபுர வாயிலின் வெளியே அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அவ்வூர்ச் சமண மடத்தார் தந்த மோரை மூன்றாம் குவளையாகப் பருகிக்கொண்டிருந்தார்.

இவ்வழியே செல்வோர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. விடியலிலேயே புறப்படுங்கள், கூப்பன் கையில் இருப்பது பெட்ரோல் கையில் இருப்பதாகாது. செஞ்சியில் மாலை நான்கரைக்கே நிழல் விழும். அதைக் கண்டு நோன்பிகள் கலங்க வேண்டா, ஊரைத் தாண்டினால் பகல் இன்னும் மிச்சமிருக்கும். நடக்க வலுவுடையோர் திருநாதர் குன்றை நடுப்பகல் வெயிலுக்கு முன் சென்று தொழலாம். வழியில் மோட்டார் விக்கி நின்று, சற்றுப் பொறுத்தபின் தானாக எழுமாயின், பிளக்கைக் கழற்றுமுன் பெட்ரோல் மூடியைத் திறந்து ஓசை கேளுங்கள். அதன் சிறுதுளையில் எதையும் அடைக்காதீர்கள். சிற்றுயிர்களைக் கருதுவோர் மெல்லிய துணியை ஒற்றை மடிப்பாகக் கட்டினால் இரண்டு அறமும் நிறைவேறும். உயிருள்ளவற்றின் அடையாளங்களுள் மூச்சும் ஒன்றென்று நூல்கள் வகுக்கின்றன. மோட்டாரை உயிரென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றின் மூச்சைக் காக்கும்போது மற்றொன்றின் மூச்சு எங்கிருக்கிறதென்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை, நூல்களில் அல்லாமல் அச்சாலையில்தான் கற்றேன்.

மூன்றாம் நாள் காலை திரும்பப் புறப்பட்டோம். பத்மாவதியின் முகத்தில் தெளிவு வந்திருந்தது. வண்டியில் ஏறுமுன் அவள் மீண்டும் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். சவரிமுத்து பாய்ந்துவந்து பின்புறத்தை மறித்துக்கொண்டார். அவள் வண்டியின் முன்புறத்தைச் சுட்டி, "இங்க வெக்கலாமா? இங்க எதுனா மூச்சு வுடுமா?" என்று கேட்டாள்.

சவரிமுத்து சிரித்தார். "அங்க நல்லா வெய்யிம்மா. அது நெத்திதான். மூக்கு பின்னால இருக்குது."